டக்கோட்டாவும் பெரியவரும்

புதுக்கோட்டையில் நிலம் வைத்திருந்தவர்கள் உண்டு, தோப்பு வைத்திருந்தவர்கள் உண்டு. ஆகாயம் வைத்திருந்தவர் டக்கோட்டா ஒருவர்தான். திருக்கோகர்ணத்தில் தம் மெஸ்ஸுக்கு மேலே கிடந்த ஆகாயம் முழுக்கத் தமக்குப் பாத்தியப்பட்டது என்று அவர் நம்பினார். அதில் காக்கை பறந்தால் பொறுத்துக்கொள்வார். யாராவது பட்டம் விட்டால் கரண்டியோடு தெருவுக்கு வந்துவிடுவார்.

ஐம்பதுகளின் கடைசி. நான் அங்கே ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை என்பதால் மூன்று வேளையும் டக்கோட்டா மெஸ். போர்டில் ஏதோ ஒரு சாமி பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

டக்கோட்டா என்று ஊர் அவருக்கு வைத்தது ஒரு விமானத்தின் பெயர். போர்க்காலத்தில் பர்மாவுக்கு மூட்டை சுமந்த பட்டாள விமானம். இரண்டு எஞ்சின், பருத்த உடம்பு. தரையில் நின்றால் வாலைக் கீழே போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பந்தியில் இடம் பிடித்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும். போர் முடிந்ததும் ஒரு கம்பெனி அதை வாங்கி, உள்ளே நாற்காலி போட்டு, திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஆள் ஏற்றியது. தினமும் காலை டிபன் நேரத்தில் மெஸ்ஸுக்கு மேலே போகும். நம்மவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'பெரியவர்' என்பார்.

பெரியவர் போகிறபோது மெஸ்ஸில் யாரும் சாப்பிடக் கூடாது. அது சட்டம். தூரத்தில் உறுமல் கேட்டதும் "கைய நிறுத்துங்க!" என்று சத்தம் வரும். இட்லியைப் பிய்த்த கை அப்படியே நிற்கும். சாம்பார் வாளி நடுப்பந்தியில் நிற்கும். ஒரு தடவை வெளியூர் அதிகாரி ஒருவர் தெரியாமல் சட்னியைத் தொட்டுவிட்டார்.

"ஏங்க, பெரியவர் போறாருல்ல?"

"எந்தப் பெரியவர்? நான் யாருன்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

"தெரியுங்க. நீங்க கீழ இருக்கீங்க, அவரு மேல இருக்காரு. யாரு பெரியவருன்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி மேலே பார்த்தார். சட்னிக் கையைத் தூக்கியபடியே கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

சத்தத்தை வைத்தே விமானத்தின் உடம்பு நிலையைச் சொல்லிவிடுவதாக டக்கோட்டாவுக்கு ஒரு பெருமை. "இடது எஞ்சினுக்குச் சளி பிடிச்சிருக்கு சார்" என்பார். இதற்காகவே திருச்சி விமான நிலையத்துக்குத் தூக்குவாளியில் இட்லியும் சுக்குப் பொடியுமாகப் போவார். கேப்டன் பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னையும் ஒரு தடவை இழுத்துப் போனார். எஞ்சின் இரண்டும் சுகமாக இருந்தன. கேப்டனுக்குத்தான் ஜலதோஷம். அவர் சுக்குப் பொடியைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னார். "பாத்தீங்களா, சொன்னேன்ல?" என்றார் டக்கோட்டா.

போர்க்காலத்தில் இவர் பட்டாள விமானத் தளத்தில் சமையல்காரர். மேலே பறக்கிற பெரியவர், அன்றைக்கு அங்கே நின்ற அதே விமானம்தான் என்று அடித்துச் சொல்வார். "நான் இல்லாம அது ஒருநாளும் கெளம்புனதில்ல" என்பதும் அவர் வாக்கு. அது உண்மைதான். ஓட்டுகிறவர்கள் சாப்பிடாமல் எப்படிக் கிளம்புவார்கள்?

"நீங்க பறந்திருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ஸ ஓட்டுறது டிரைவருதான். கெளப்புறது யாரு சார்? விசில் ஊதுறவன்தானே?"

"அது சரி. பறந்திருக்கீங்களா?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உள்ள ஏறியிருக்கேன். அது நிக்கிறப்ப."

அன்றைக்குத்தான் அவருடைய ஒரே ஆசையைச் சொன்னார். ஒரு தடவை மேலே போய், மெஸ் அடுப்புப் புகையை அங்கிருந்து பார்க்க வேண்டும். "தெனமும் நாம அவரப் பாக்குறோம். அவருக்கு நாம எப்புடித் தெரியுறோம்னு பாக்கணும் சார்."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தார்: "கூரையில ஓடு மாத்தவே மேல ஏற மாட்டாரு. இவரு அங்கிட்டுப் போயி நம்மளப் பாக்கப் போறாராம்!"

மெஸ்ஸின் இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கே 'போதும்' என்ற சொல்லுக்கு மூன்றாம் தடவைதான் பொருள் உண்டு. முதல் தடவை சொன்னால் கூச்சம், இரண்டாம் தடவை சொன்னால் மரியாதை, மூன்றாம் தடவைதான் நிஜமாகவே வயிறு பேசுகிறது என்பது டக்கோட்டாவின் கணக்கு. "ஒரு தடவ சொன்னத நம்பிட்டு நகர்ந்தா அவன் பந்தி விசாரிக்கிறவனா சார்?" என்பார். நம் பக்கத்து வழக்கமே அதுதான். கேட்டவுடன் சரி என்கிறவனும் கிடையாது, வேண்டாம் என்றவனை அப்படியே விடுகிறவனும் கிடையாது.

ஒருநாள் டக்கோட்டா திருச்சியிலிருந்து திரும்பினார். அதிலிருந்து ஒரு வாரம் சாம்பாரில் உப்பு இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெரியவருக்கு வயதாகிவிட்டது, அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு உடைக்கக் கொடுக்கப் போகிறார்கள்.

அதற்கு முன் ஒரு நல்ல காரியம் நடந்தது. அரிமளத்துக்குப் போகும் வழியில் ஒரு பொட்டலில், போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரை அங்கே இறக்கி, ஊரார் சிலரை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டக் கம்பெனி சம்மதித்தது. கேப்டன் இட்லியை மறக்கவில்லை. டக்கோட்டாவுக்கு என்று ஜன்னலோர நாற்காலி ஒன்றைத் தாமே ஒதுக்கிவைத்திருந்தார்.

டக்கோட்டா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். புறப்படும் முன் சம்சாரத்திடம் அடுப்பில் ஈரத் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகைய விடச் சொல்லியிருந்தார். "தெரு முழுக்க இருமுது. சீக்கிரம் பறந்து தொலைச்சிட்டு வாங்க" என்று அந்த அம்மாள் வழியனுப்பினாராம்.

வந்தவர் சும்மா ஏறவில்லை. ரைஸ் மில் மோட்டாருக்கே பொட்டு வைக்கிற ஊர் எங்களுடையது. பெரியவரை வெறும் நெற்றியோடு அனுப்புவாரா? மாலை வந்தது, தேங்காய் உடைந்தது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் போயிற்று. முக்காலி போட்டு ஏறி, கதவுக்கு, எஞ்சினுக்கு, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மூக்குக்கு அடியில் இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தாராளமாக, கிண்ணத்தை வழித்தே வைத்தார். கேப்டன் அப்போது பெரிய மனிதர்களிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் ஏறினார்கள். டக்கோட்டா ஜன்னல் வழியே எங்களுக்குக் கை காட்டினார். எஞ்சின் உறுமியது, மாலைகள் பிய்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. பெரியவர் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடினார். பாதித் தூரத்தில் வேகம் குறைந்தது. மெல்லத் திரும்பி வந்து நின்றார்.

கேப்டன் இறங்கிய வேகத்தில் அவர் தொப்பி கீழே விழுந்தது. ஓட ஓட, வேகம் காட்டும் முள் பூஜ்யத்திலேயே நின்றதாம். நேரே போய் அந்தக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சந்தனம். அந்தக் குழாய்க்குள் காற்றுப் போனால்தான் எவ்வளவு வேகம் என்று தெரியும்; தெரியாமல் மேலே ஏறியிருந்தால் எல்லாரும் செத்திருப்போம் என்று கத்தினார். நான் மொழிபெயர்த்தேன். கத்தாமல் மொழிபெயர்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

யார் செய்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டக்கோட்டா தாமே இறங்கி வந்து முக்காலியில் ஏறி, விளக்குமாற்று ஈர்க்கால் குடைந்து, வேட்டி நுனியால் துடைத்தார். கேப்டன் காலி விமானத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். முள் நகர்ந்தது. ஊரார் திரும்பவும் ஏறினார்கள். கோபம் தணிந்த கேப்டன் படியில் நின்று டக்கோட்டாவைக் காட்டி என்னைக் கேட்டார்: இவர் வருகிறாரா, இல்லையா?

கேட்டுச் சொன்னேன்.

"வேணாம் சார். நான் ஏறுனா பெரியவருக்கு ஆகாது. நீங்க போயிட்டு வாங்க" என்றார் டக்கோட்டா.

ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மெஸ்ஸில் எத்தனையோ வருஷம் சாப்பிட்டவன் நான். முதல் 'வேணாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வெள்ளைக்காரன் வழக்கத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அன்றைக்கு எனக்கு அந்த வழக்கம் வசதியாக இருந்தது. அவர் வரவில்லையாம் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன். அப்படியானால் நீ ஏறு என்றார் கேப்டன். நான் முதல் தடவையிலேயே ஏறினேன்.

ஜன்னலோர நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

மேலே போனால் ஊர் எப்படி இருக்கும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். கண்மாய்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. கோயில் கோபுரம் கைக்கு அடக்கமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புகை. மற்ற வீட்டுப் புகையெல்லாம் கலைந்து கிடக்க, அது மட்டும் கெட்டியாக, வெள்ளையாக, யாரோ கயிறு கட்டி மேலே இழுப்பது மாதிரி எழுந்து வந்தது. அது யார் பார்ப்பதற்காக எழுந்தது என்பது விமானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இறங்கியபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"பொகை தெரிஞ்சுச்சா சார்?"

"தெரிஞ்சுச்சு."

"கோணையாப் போச்சா, நேராப் போச்சா?"

"நேரா."

"காத்து இல்ல. நல்ல நாளுதான்" என்றார். அப்புறம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சில நாள் கழித்துக் காலை டிபன் நேரத்தில் வேறொரு விமானம் மேலே போனது. புதுசு, சத்தம் வேறு. பழக்கத்தில் எல்லாரும் கையை நிறுத்தினோம். "ஏன் நிறுத்திட்டீங்க? சாப்புடுங்க. அது யாரோ" என்றார் டக்கோட்டா.

என் இலைக்கு வந்தார். "போதும்" என்றேன். அவர் அடுத்த தடவை கேட்கவே இல்லை. இரண்டு இட்லியை வைத்து, எப்போதும் ஊற்றாத நெய்யை ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.

இத்தனை வருஷமாகியும் அந்த இரண்டு இட்லியை நான் சாப்பிட்டு முடித்தபாடில்லை.