பேய் அறை

மாமியார் தாராளமாக வரட்டும், ஆனால் பின்னறையில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்று பூட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். மனதுக்குள்தான். அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவருக்கு இன்னும் உயிர் வெறுத்துப் போகவில்லை.

யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் கதவையெல்லாம் திறந்துவிட்டு வருகிறவருக்குத் தான் சாத்திக்கொள்ள ஒரே ஒரு கதவுதான் இருந்தது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இருக்கிற பேச்சும் ‘அதை எடுங்க, இதை வைங்க’ என்பதோடு சரி. கடையிலிருந்து வந்ததும் பின்னறைக்குள் போய், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்லாத இடம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் மனிதர் எங்கே போவார்?

யோசனை செல்போனிலிருந்து வந்தது. இணையத்தில் ஒரு பேய் வீடு இருந்தது. விரலால் தட்டினால் கதவு திறக்கும், மாடி ஏறலாம், அலமாரிக்குள் எட்டிப் பார்க்கலாம். எங்கே போனாலும் ஏதாவது ஒன்று காத்திருக்கும். இன்னொரு விசேஷமும் உண்டு. நம் வீட்டு அறையைப் படம் பிடித்துக் கொடுத்தால் அதையும் கடைசி அறையாகச் சேர்த்துக்கொள்ளும். பேயை அதுவே பார்த்துக் குடிவைத்துவிடும்.

பின்னறையைப் படம் பிடித்துக் கொடுத்தார். தற்செயலாகக் கிடைத்ததுபோல மனைவியிடம் காட்டினால் அலறுவாள். அப்புறம் பெற்ற தாயை அங்கே படுக்க விடுவாளா?

முதலில் தானே உள்ளே போய்ப் பார்த்தார். பல்லும் நகமுமாக எதுவும் பாயவில்லை. மடக்கு நாற்காலியில் ஒரு கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டினார், திரும்பவில்லை. மறுபடி தட்டினார். கிழவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார். பூட்டுக்காரருக்குப் பயம் வந்திருந்தால் பரவாயில்லை. அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் பெய்தது. வீடு பகலிலேயே இருண்டு கிடந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரேன். பேய் வீடு. பயமா இருந்தா வேணாம்.”

“பயமா? உங்களோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவளுக்குப் பேயெல்லாம் ஒரு பொருட்டாங்க?”

போனை வாங்கிக்கொண்டு வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் போல அறை அறையாக நுழைந்தாள். சமையலறையில் தலையில்லாத ஒருத்தி தடவிக்கொண்டு வந்தாள்.

“பாத்திரம் மலையாக் கிடக்கு. இவ தலையைத் தேடிக்கிட்டு இருக்கா பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு அறை பாக்கி இருக்கும்மா” என்றார்.

“யாருக்கு?”

அவர் அவசரமாகக் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார். கடைசிக் கதவு திறந்தது. மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அவர் அவள் முகத்தைத்தான் பார்த்தாரே தவிர, அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்க்கவில்லை. அவள் பார்த்தது கதவின் தாழ்ப்பாளை. ஊருக்கெல்லாம் ஒழுங்காக மாட்டுகிறவர் தன் வீட்டில் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார். மாற்றச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம். உலகத்தில் அப்படி ஒரு தாழ்ப்பாள் வேறு எங்கேயும் இருக்க முடியாது.

“ஐயோ! நம்ம பின்னறை மாதிரியே இருக்குங்க!” என்று நெஞ்சில் கை வைத்தாள்.

“அட, ஆமா! நான் கவனிக்கவே இல்லையே.”

“யாருங்க அது? பார்த்தாப் பாவமா இருக்கு.”

“பாவமாவது! பொல்லாத பேய்ம்மா அது.” சொல்லும்போது அவருக்கே வலித்தது.

“இங்கே எப்படிங்க அம்மாவைப் படுக்க வைக்கறது?”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன். வயசானவங்க. ஏதாவது ஆயிட்டா?”

“சரியாச் சொன்னீங்க. அம்மா நம்ம கட்டில்ல என்கூடப் படுத்துக்கட்டும். நீங்க கூடத்துல படுங்க. பின்னறையை இழுத்துப் பூட்டிடலாம். வீட்டுலயே பூட்டுக்காரர் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?”

“பூட்டு எதுக்கும்மா? அது வெறும் படம்தானே!”

“வெறும் படம்தானா? அப்ப அம்மாவே அங்கே படுத்துக்கலாமே?”

பூட்டுக்காரர் பேயறைந்தவர் போல நின்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கேள்விப்பட்டிருந்தார். தன் கையாலேயே அதற்கு ஒரு பூட்டும் மாட்டினார். இருந்ததில் நல்ல பூட்டு. சாவியை மனைவி வாங்கிக்கொண்டாள்.

மாமியார் வந்தார். வந்த நாளாகக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தன் முழங்கால் வலியின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் பூட்டுக்காரர் தப்பித்துப் பின்பக்கம் வந்தார். பின்னறையில் பூட்டு இல்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. தள்ளிப் பார்த்தார். உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினார்.

“யாரு?” என்றது மனைவியின் குரல்.

“நான்தான்.”

“பேய் இப்பதான் கொஞ்சம் கால் நீட்டி உக்காந்திருக்கு. நீங்க போய் எங்கம்மாவுக்குப் பேச்சுத் துணையா இருங்க.”