கேட்டைக்கு இரண்டாயிரம் மடங்கு

கொழும்பு வெள்ளவத்தையில் இப்போது பிள்ளையை டாக்டராக்குவது வெகு சுலபம். படிக்கத் தேவையில்லை. காலி வீதியில் ஒரு மாடிக்கு ஏறி, நாகேந்திர சுவாமிகளிடம் ராசி மைக்கிரஸ்கோப் வாங்கினால் போதும். அசுவினி நட்சத்திரத்துக்கு அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டுவது, கேட்டைக்கு இரண்டாயிரம். நட்சத்திரம் மோசமாக மோசமாக மடங்கும் ஏறும், விலையும் ஏறும். போன வருடம்வரை இதே சுவாமிகள் இதே மாடியில் போன் கவர் விற்றார். ஞானம் வந்தது வியாபாரம் படுத்த பிறகுதான்.

சனிக்கிழமை காலையில் படிக்கட்டு முழுக்கச் செருப்பு. உள்ளே சோதனை நடக்கிறது. பிள்ளையின் எச்சிலில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேசையிலுள்ள பழைய மைக்கிரஸ்கோப்பில் காட்டுவார். கறுப்பு நூல்கள் நெளியும். படிப்பைக் கெடுக்கும் வித்தியா தோஷமாம். அதே துளியைப் புதிய ராசி மைக்கிரஸ்கோப்பில் வைத்தால் நூல் இராது. தோஷம் தீர்ந்ததாம்.

பள்ளிக்கூடப் பிள்ளை றஷ்மிக்குப் பிறந்தநாள் வருகிறது. வெங்காயத் தோல் பார்க்க ஒரு மைக்கிரஸ்கோப் கேட்டாள், அவ்வளவுதான். வங்கி மனேஜரான அப்பா சவுந்தரநாயகம் போன கிழமை அவளை இங்கே கூட்டி வந்தார். அவளுடைய எச்சிலிலும் நூல் நெளிந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வகுப்பில் யாருடைய தண்ணீர்ப் போத்தலையும் தொடுவதில்லை. தன் தோஷம் மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று பயம். பாவம், அதற்கு இருந்த மனச்சாட்சி சுவாமிகளுக்கு இல்லை.

இன்று ராசி மைக்கிரஸ்கோப் பெட்டியை வாங்க அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தி ரஜனியும் ஒரு பையோடு வந்து சேர்ந்தாள்.

"அத்தான், இது பிளாஸ்டிக். தொட்டாலே ஆடுது," என்றாள். "படிக்கிற பிள்ளைக்கு நானூறு மடங்கு காணும். லென்ஸ் கண்ணாடியா இருக்கோணும், உடம்பு இரும்பா இருக்கோணும். இரண்டாயிரம் எண்டு பெட்டியில எழுதினா மங்கல்தான் பெருசாத் தெரியும்."

"ரஜனி, சாமிக்கு முன்னால கதைக்காதையும்."

சுவாமிகள் சிரித்தார். "நம்பாத கண்ணுக்குத்தான் தோஷம் நல்லாத் தெரியும். பாருங்கோ தங்கச்சி."

ரஜனி பழைய மைக்கிரஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். "ஓம், நெளியுது." எச்சில் வைத்த கண்ணாடித் துண்டை உருவி மேசையில் வைத்தாள். "அத்தான், இப்ப பாருங்கோ."

"ஒண்டும் இல்லையே, என்னத்தைப் பார்க்க?"

"பாருங்கோவன்."

மனேஜர் பார்த்தார். நூல்கள் அப்படியே நெளிந்தன.

"கண்ணைச் சிமிட்டுங்கோ."

சிமிட்டினார். நூல்களும் சேர்ந்து சிமிட்டின.

"அது உங்கட இமை மயிர். பார்க்கிற ஓட்டை சின்னன், கண்ணை ஒட்டி வைச்சாத் தெரியும். புதுசில ரப்பர் மாட்டிக் கண்ணைத் தள்ளி வைச்சிருக்கினம்." புதிய மைக்கிரஸ்கோப்பின் ரப்பரைக் கழற்றினாள். இரண்டாயிரம் மடங்கிலும் தோஷம் ஜோராகக் குதித்தது.

"தோஷம் இமைக்கு இடம் மாறியிருக்கு," என்றார் சுவாமிகள். ஆள் கெட்டிக்காரன்தான். ஆனால் பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு வரிசை உண்டானது.

ரஜனி பையிலிருந்து தான் பரிசாக வாங்கிய மைக்கிரஸ்கோப்பை எடுத்து றஷ்மியின் எச்சில் துளியை அதில் வைத்தாள்.

"சித்தி, நூல் இல்லை. வட்டம் வட்டமாக் கிடக்கு."

"அது வாய்க்குள்ள இருந்து உரிஞ்ச தோல். எல்லாருக்கும் இருக்கு."

றஷ்மி பக்கத்துப் பிள்ளையின் போத்தலைக் கேட்டு வாங்கி, மடமடவென்று தண்ணீர் குடித்தாள்.

அப்போது வரிசையிலிருந்து ஓர் அம்மா மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, உங்கட இந்த மைக்கிரஸ்கோப் கார்த்திகை நட்சத்திரத்துக்குச் சரிவருமே?"

மகாசனங்களே, எதை வாங்கினாலும் முதலில் கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் தோஷம் தெரிந்தால் அது உங்கள் கண்ணில்தான் இருக்கிறது. முகத்தைக் கழுவிவிட்டு யோசியுங்கள்.