ஞாழல் என்ற பெயரை நான் எதிர்த்த கதை

என் மகளுக்கு ஞாழல் என்று பெயர் வைக்க உயிர் உள்ளவரை சம்மதிப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே சபதம் செய்தேன். வாயில் நுரை இருந்ததால் மனைவிக்கு அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரிய மாறுதல் ஏதும் நேர்ந்திருக்காது என்பதை வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன்.

மகளுக்கு அன்று வயது ஆறு வாரம். வீட்டில் அவள் 'பாப்பா', 'குட்டி', 'ஐயோ மறுபடியுமா' என்று மூன்று பெயர்களில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

நான் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவன். இருபது வருடமாக அடுத்தவர் எழுத்தில் விழுந்த காலையும் ஒடிந்த கொம்பையும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன். உபரியாக, ஞாயிறு மலரில் பெயர்களைப் பற்றி அரைப் பத்தி எழுதுகிறேன். வாசகர்கள் ஒரு பெயரைக் கேட்டு எழுதுவார்கள். நான் அதன் பொருள், வரலாறு, புழக்கம் மூன்றையும் சொல்வேன். ஊரில் பல குழந்தைகள் என்னைக் கலந்தாலோசித்த பிறகே பெயர் பெற்றிருக்கின்றன. சொந்தக் குழந்தை விஷயத்தில்தான் என்னைக் கலந்துகொள்ள ஆள் இல்லை.

மகளுக்காக நான் தேர்ந்தெடுத்திருந்தது நாலு பேர் அறிந்த நல்ல பெயர். அதை இங்கே சொன்னால் வாசகிகளில் பாதிப் பேர் தங்களைக் கூப்பிடுகிறேன் என்று நிமிர்ந்துவிடுவார்கள். மனைவியின் ஆட்சேபமும் அதுவேதான். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிரசவ விடுப்பில் இருந்தாலும் வீட்டையும் மூன்றாம் வகுப்பாகவே நடத்துபவள். அவள் வகுப்பில் அந்தப் பெயரில் ஐந்து பேராம். ஒருத்தியைக் கூப்பிட்டால் ஐந்து பேர் எழுந்து நிற்கிறார்களாம். ஒருத்தி மை கொட்டினால் இன்னொருத்தி அழுகிறாளாம். கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் ஞாழல் என்பவர் விசாரணை அறைக்கு வரவும் என்று கேட்டிருக்கிறாள். அத்தனை கூட்டத்தில் ஒரே ஒரு பெண் எழுந்து போனாளாம். அன்றே அவள் மனசில் முடிவாகிவிட்டது.

கூப்பிட்டால் ஒரு தலைதான் திரும்ப வேண்டும் என்பது அவள் கட்சி. கூப்பிட்டது தன்னைத்தான் என்று அந்தத் தலைக்குப் புரியவாவது வேண்டாமா என்பது என் கட்சி. ஆறு வாரமாக இந்த இழுபறி. கடைசியில் என் பத்தியின் மேல் பாரத்தைப் போட்டேன்.

"உன் பேரை மூணு சோதனைக்கு விடலாம். பொருள், வரலாறு, புழக்கம். மூணுலயும் தேறினா நான் வாயே திறக்கலை. ஒண்ணுல போனாலும் நான் சொன்ன பேரு" என்றேன்.

பாப்பாவை ஏப்பத்துக்காக முதுகில் தட்டிக்கொண்டிருந்தவள் சற்று யோசித்தாள். "புழக்கம்னா எத்தனை பேர் இருக்கணும்?"

"அதிகம் வேண்டாம். இந்த ஊர்ப் பதிவேட்டுல ஒரு குழந்தை இருந்தா போதும்."

எனக்குத் தாராள மனசு. ஒரு குழந்தைகூட இருக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அது இன்னும் தாராளமாகிவிடும்.

"சரிங்க" என்றாள்.

பதினொரு வருட இல்லறத்தில் என் யோசனை ஒன்றுக்கு மறு கேள்வி இல்லாமல் கிடைத்த முதல் 'சரிங்க' அது. நான் பயந்திருக்க வேண்டும். பூரித்துப்போனேன்.

பொருளை அலுவலகத்திலேயே விசாரித்தேன். எனக்கு மூத்த பிழை திருத்துபவர் ஒருவர் உண்டு. நாங்கள் அவரை 'அகராதி' என்றுதான் கூப்பிடுவோம். ஞாழலுக்குப் பொருளே கிடையாது, நாக்கு வழுக்கி விழுந்த சத்தம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடலோர மணலில் நிற்கும் மரம், பொன் நிறத்தில் கடுகத்தனை பூ, வாசனையானது, பழைய பாட்டுகளில் நிறைய வரும் என்றார். இதுகூடத் தெரியாமல் பெயர்ப் பத்தி எழுதுகிறாயா என்றும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் வீட்டில் சொல்லவில்லை. கடுகை மட்டும் சொன்னேன்.

மனைவி கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள். "இவளும் அத்தனைதான் இருக்கா" என்றாள்.

புதன்கிழமை வரலாறு. மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து, எங்கள் நாளிதழின் பழைய தொகுதிகளைப் புரட்டினேன். நாற்பது தும்மலுக்குப் பிறகு, ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மூன்றாம் பக்கத்தில் திடீரென்று அகப்பட்டது. ஞாழல் என்ற தையற்காரி, தன்னைக் கேட்காமல் தையல் மெஷினை விற்ற கணவர் மீது வழக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். இப்படிப்பட்ட வரலாறு உள்ள பெயரை எந்தத் தாய் வைப்பாள்? வீட்டுக்கு ஓடி, செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"ஜெயிச்சாளா?" என்றாள்.

"ஜெயிச்சிருக்கா."

"மெஷின் திரும்பக் கிடைச்சுதா?"

"கிடைச்சிருக்கு."

"நல்ல பேருங்க" என்றாள்.

அந்தக் கணவரின் நிலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

பாக்கி இருந்தது புழக்கம். அதில் நான் தோற்க வழியே இல்லை. வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, பிறப்புப் பதிவு அலுவலகத்தில் ஏழாம் எண் ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். உள்ளே இருந்த அம்மாளுக்கு என் பத்தி தெரியும். எண்ணிக்கை கேட்டு மாதம் ஒரு தரமாவது வருகிறவன் நான். பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன், வீட்டில் எடுத்துக்காட்ட உதவும் என்று. அவர் விசைப்பலகையைத் தட்டினார். நான் குறிப்பேட்டில் பூஜ்யம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"ஒண்ணு இருக்கு சார்."

பேனா கையிலிருந்து நழுவிவிட்டது. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது. போன மாதம்தான் பதிவாகியிருக்கிறதாம். நான் அந்தக் குழந்தைக்காக அனுதாபம் தெரிவித்தேன். பள்ளிக்கூடத்தில் அது படப்போகும் பாட்டை விவரித்தேன். இப்படியொரு பெயரை வைத்த பொறுப்பில்லாத பெற்றோர் யார் என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லக் கூடாது சார். தொழிலை வேணா சொல்றேன். அம்மா டீச்சர். அப்பா, பத்திரிகைல பிழை திருத்துறவர்."

ஊரில் நாளிதழ் எங்களுடையது ஒன்றுதான். எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். அகராதிக்குப் பேரன் பேத்திகளே கல்லூரிக்குப் போகிறார்கள். இன்னொருவர் கல்யாணமே ஆகாதவர். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த சாதுவின் மேல் அரை நிமிடம் பயங்கரமாகச் சந்தேகப்பட்டேன். இத்தனை நாள் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனே என்று வருந்தினேன். அப்புறம்தான் மூன்றாவது ஆள் நினைவுக்கு வந்தான்.

பத்தியில் நான் போடும் புனைபெயரை மட்டுமே அறிந்த அந்த அம்மாளிடம் என் அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அட்டையையும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். மாடி வீடு, என் விலாசம். அடியில், தந்தையின் கையெழுத்து. தலை இல்லாத பாம்பு வாலைத் தேடிப் போவது மாதிரி இருந்தது. உலகத்தில் அப்படிக் கையெழுத்துப் போடுகிறவன் நான் ஒருவன்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று பெயர் மாற்ற விண்ணப்பம் ஒன்று வாங்கி, அங்கேயே மேஜையில் உட்கார்ந்து, கேட்ட விவரங்களை எல்லாம் நிரப்பினேன். கையெழுத்துகள் மட்டும் பாக்கி. பெற்றோர் இருவரும் போட வேண்டும்.

வீட்டில் மனைவி கொடியில் பாப்பாவின் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒண்ணு இருந்துதா?" என்றாள்.

"எப்போ வாங்கினே என் கையெழுத்தை?"

"பாப்பா பொறந்த ஒன்பதாம் நாள். நீங்க ஒரு செருப்பை மாட்டிட்டு இன்னொண்ணைத் தேடிட்டு இருந்தீங்க."

"ஏமாத்தி வாங்கியிருக்கே."

"ஏமாத்தலைங்க. படிச்சுப் பாத்துப் போடுங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன். நாள் பூரா ஆபீஸ்ல படிக்கிறது போதாதா, வீட்லயுமான்னு கேட்டீங்க."

கேட்டிருப்பேன். தினமும் கேட்கிறேன். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைச் சுவரில் சாய வைத்தது. மதிப்பெண் அட்டையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் முறையை அவள் வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி விளக்கியிருக்கிறாள். அப்பா ஒரு செருப்பு போட்டதும் நீட்ட வேண்டும். ஒன்றும் போடவில்லை என்றால் படித்துவிடுவார். இரண்டும் போட்டுவிட்டால் கிளம்பிவிடுவார்.

"முடிச்சாச்சுன்னா என்னை எதுக்கு நாலு நாளா அலைய விட்டே?" என்று கேட்டேன்.

"பேரு வெச்சாச்சு. அர்த்தம், வரலாறு எல்லாம் தெரிஞ்சிக்க வேண்டாமா? கைக்குழந்தையை வெச்சிட்டு நான் எங்க போய்த் தேடறது?"

விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தாள். அடிக்குறிப்பைப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். நான் இரண்டு காலிலும் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு கட்டம் காலியா இருக்குங்க. பெயரை மாற்றக் காரணம்னு கேட்டிருக்காங்க. அதை எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனாவை எடுத்தேன். பொருள் இல்லை என்று எழுத முடியாது, வரலாறு இல்லை என்று எழுத முடியாது, புழக்கம் இல்லை என்றும் எழுத முடியாது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்ற உண்மை ஒன்றுதான் மிச்சம். அதையும் எழுத முடியவில்லை. மேல் கட்டத்தில், தொழில் என்ற இடத்தில், 'பிழை திருத்துபவர்' என்று நானே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.