நான் பெட்ரௌபார் ஆனது

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கை காய்வதற்குள், ஒரு டச்சுச் சொல்லாக மாறிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மற்றவர்கள் தொப்பையைக் குறைப்பதாக முடிவெடுப்பார்கள். சிகரெட்டை விடுவதாக முடிவெடுப்பார்கள். நான் ஆக நினைத்தது ஒரு பெயரடை. பெட்ரௌபார். முதல் தடவை அது காதில் விழுந்தபோது, என் மனைவி நாகஜோதி எதற்காக ஹாலில் உட்கார்ந்து ‘பெட்ரோல் பார், பெட்ரோல் பார்’ என்கிறாள் என்று வெளியே போய் வண்டி டேங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

“அரை டேங்க் இருக்கு” என்றேன்.

“சரிங்க” என்றாள், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாகஜோதி திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போதும் என்று யாரோ சொல்லி, ஞாயிறு தோறும் மூன்று மணிக்கு ஆன்லைனில் டச்சு படித்தாள். முன்பு ஒரு தடவை கேக் செய்யக் கற்றாள். இரண்டு மாதத்தில் அது நின்றுபோனது. இதுவும் அப்படித்தான் என்று இருந்தேன்.

அந்த ஞாயிறு அவளுக்கு மதிய டியூட்டி, வகுப்பு இல்லை. வகுப்பு நோட்டு பிரிட்ஜ் மேல் திறந்து கிடந்தது. போனில் மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே, அதை நோட்டின் மேல் காட்டிப் படித்தேன். வீட்டுப்பாடம். ‘பெட்ரௌபார்’ என்றால் நம்பலாம் என்று அர்த்தம். சொன்னால் சொன்னபடி நிற்கிறது, சாயாதது. அந்தச் சொல்லை வைத்து உன்னைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதவும்.

சிலிண்டர் போடுகிற பொம்மையன் பெட்ரௌபார். மகள் தன்ஷிகா பெட்ரௌபார். ஆறு பத்து கீரனூர் பஸ் பெட்ரௌபார். எதிர்வீட்டு மைதீன் பிச்சை அண்ணன், எங்கள் வீட்டுக் குக்கர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்று ஒன்பது வாக்கியம். பத்தாவது என்னைப் பற்றி. அதில் மட்டும் அந்தச் சொல் இல்லை.

‘என் கணவர் உயரமானவர்.’

காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நான் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். வண்டியை விட வருகிறவர்களிடம், “சாயங்காலம் ஆறு மணிக்கு ரெடி” என்று சொல்வதுதான் வேலை. ரெடியாக இருக்காது. பதினாறு வருடமாக அதையே சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே வாய் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் என் மாமனார் ஆண்டிச்சாமி கீரனூரிலிருந்து இருதயத்தைக் காட்ட வந்தார். பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது என் பொறுப்பு. வழியில் ஒரு மீன் கடை. குழம்பு மீன் இல்லை, தொட்டி மீன். உள்ளே போனேன். அவர் போனில் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் “கிளம்பிட்டேன் மாமா, அஞ்சு நிமிசம்” என்றேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். அவர் பெஞ்சில் இல்லை, தரையில் இருந்தார். என் கையில் பாலித்தீன் பையும் தண்ணீரும் இரண்டு தங்கமீனும்.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா, சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ‘சொல்ல முடியாது’வைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன். நாகஜோதி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை வாங்கி, மீனை ஒரு குண்டானில் விட்டாள். எட்டு மாதம் அவற்றுக்கு அவள்தான் தீனி போட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னிடம் வேலை சொல்வதை நிறுத்திவிட்டாள். மற்ற வீட்டுப் புருஷன்மார்களுக்குப் பெண்டாட்டி வேலை வாங்குகிறாள் என்று குறை. ஷோரூமில் பிரபு தினமும் அழுவான்: “காய்கறி வாங்கு, மாவு அரைச்சுட்டு வான்னு உசுர வாங்குறா அண்ணே.” எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் வீட்டில் பால், அரிசி, கரண்ட் பில், பள்ளிக்கூடம், எல்லாமே என்னைச் சுற்றிக்கொண்டு போயின. நடு ரோட்டில் நிற்கிற மாட்டைச் சுற்றி வண்டிகள் போகுமே, அப்படி. மாமியார் பழனியம்மாள் எங்களோடு வந்து தங்கினார். அவருக்குச் சர்க்கரை, காலை ஏழு, ராத்திரி ஏழு இன்சுலின் ஊசி. டியூட்டி இல்லாத நாளில் நாகஜோதி போட்டாள். மற்ற நாளில் அவரே நடுங்கிக்கொண்டு போட்டுக்கொண்டார். பதினொரு வயது தன்ஷிகாவிடம் கூட ஊசியைப் பிடிக்கச் சொல்வார்கள். என்னிடம் இல்லை.

அதனால்தான் அந்த முடிவு. என் திட்டம் இது: நான் சத்தமில்லாமல் பெட்ரௌபார் ஆவது. அவள் நோட்டில் அதை எழுதுவது. எழுதிய பிறகு என்னை விட்டுவிட்டு ஒரு நாட்டுக்குப் போக அவளுக்கு எப்படி மனசு வரும்? டச்சு வகுப்பு கேக் வகுப்போடு போய்ச் சேரும்.

அவள் எழுதினால் எனக்குப் புரிய வேண்டுமே. நானும் டச்சு படித்தேன், குளியலறையில், போனை சோப்பு டப்பா மேல் வைத்து. அந்த மொழியில் ‘க’வைத் தொண்டைக்குள்ளிருந்து காறி எடுக்க வேண்டும். மூன்றாம் நாள் எதிர்வீட்டு மைதீன் பிச்சை அண்ணன் வாசலில் பிடித்துக்கொண்டார்.

“ஏலே அப்பு, காலையில என்ன அம்புட்டுக் காறல்? சளியா?”

“காலை வணக்கம் சொன்னேண்ணே.”

“யாருக்கு?”

“யாருக்கும் இல்ல.”

“மிளகு ரசம் வைக்கச் சொல்லு” என்றார்.

அந்தப் பெயரடையை உபயோகிப்பதில் ஒரு கணக்கு உண்டு. சொல் தனியாகக் கடைசியில் நின்றால் பெட்ரௌபார். அதுவே ஒரு ஆளுக்கு முன்னால் போய் நின்றால் ஒரு வால் முளைக்கும்: பெட்ரௌபார-எ மனிதன். ஒருவர் முன்னால் கைகட்டி நிற்கும்போதுதான் வால் வருகிறது என்று மனப்பாடம் செய்தேன். புருஷனாக இருந்ததால் சுலபமாக ஏறியது.

நோட்டு தினமும் பிரிட்ஜ் மேல்தான் கிடந்தது. நானும் தினமும் படித்தேன்.

நம்பகமானவன் ஆவது மொழியை விடக் கஷ்டம். யாரும் வேலை தரவில்லையே. பிடுங்க வேண்டியிருந்தது. முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கே ஊசியை எடுத்துக்கொண்டு மாமியார் முன் நின்றேன்.

“வேண்டாமுங்க மாப்பிள்ள. நானே போட்டுக்கறனுங்க.”

“உங்களுக்குக் கை நடுங்குது அத்தை.”

“உங்களுக்கும் நடுங்குதுங்களே.”

நடுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் காட்டினார். வேண்டிக்கொண்டது உதட்டில் தெரிந்தது. ராத்திரி ஏழுக்கு மறுபடி நின்றேன். மறுநாளும். அலாரம் பதினொன்று வைத்திருந்தேன். ஜூனில் பள்ளி திறந்தபின், தன்ஷிகாவுக்கு நான்கு மணிக்கு விட்டால், மூன்றே முக்காலுக்கு கேட் முன்னால் நின்றேன். முதல் வாரம் அவள் என் வண்டியைத் தாண்டி ஆட்டோவுக்கு நடந்தாள்.

“ஏறும்மா.”

“நாளைக்கும் வருவீங்களா?”

“வாரேன்.”

“நாளைக்கு வந்தீங்கன்னா நாளைக்கு ஏறுறேன்ப்பா” என்றாள். அவள் பெட்ரௌபார் என்று அவள் அம்மா எழுதியது சரிதான்.

மதியச் சாப்பாட்டுக்கும் ஒன்றரைக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். செப்டம்பரில் ஒரு நாள் வந்து கதவைத் தள்ளினால், மாமியார் அடுப்படித் தரையில் கிடந்தார். சஷ்டி விரதமாம். ஊசியைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் பட்டினி. ஜாக்கெட் முழுக்க வேர்வை, கண் எங்கேயோ போயிருந்தது. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “மாப்பிள்ள, அவரு பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருக்காருங்க. வெயிலு. போய்க் கூட்டிட்டு வாங்க.”

“போறேன் அத்தை, இதைக் குடிங்க” என்று சர்க்கரையைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக உதட்டுக்குள் விட்டேன். அவர் குடித்தார். “கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்றார். இன்னொரு ஸ்பூன் விட்டேன். பதினைந்து நிமிடத்தில் கண் திரும்பியது. எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவில்லை. நான் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நாகஜோதி வந்து, அம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். கீழே கிடந்த ஸ்பூனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை டியூட்டிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே, “ஏனுங்க, வரும்போது பால் வாங்கிட்டு வந்துருங்க” என்றாள்.

இரண்டு வருடத்தில் முதல் வேலை. அரை லிட்டரா, ஒரு லிட்டரா என்று கேட்கவில்லை. இரண்டு லிட்டர் வாங்கினேன்.

அதன் பிறகு வேலைகள் வரிசையாக வந்தன. தன்ஷிகாவின் பெற்றோர் கூட்டம். சிலிண்டர் புக்கிங். மாமியாரின் கண் பரிசோதனை. சாம்பார், ரசம், ரெண்டு வெஞ்சனம். பிரபு அழும்போது நானும் கூடச் சேர்ந்து அழுதேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நோட்டில் மட்டும் நான் இன்னும் உயரமானவனாகவே இருந்தேன்.

டிசம்பரில் நேர்முகத் தேர்வு, லேப்டாப்பில். ஹாலில் அவள், திரையில் வெள்ளை முடியோடு ஒரு டச்சு அம்மாள். நான் அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். கேள்வி ஒருவழியாகப் புரிந்தது. உங்களுக்கு மகள் இருக்கிறாள், வயதான அம்மா இருக்கிறார், நீங்கள் இங்கே வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

நாகஜோதி ஒரு மூச்சு எடுத்தாள்.

“மெய்ன் மன்” என்றாள். என் கணவர். “ஹெய் இஸ் என் பெட்ரௌபார-எ மன்.”

வால் இருந்தது. சரியான இடத்தில், என் முன்னால், சுத்தமாக நின்றது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். வெங்காயம் கூட இல்லை, கேரட். அந்த ஆனந்தம் இரண்டு கேரட் நேரம் இருந்தது. பிறகுதான் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது உறைத்தது.

திரையை மூடிவிட்டு அவள் அடுப்படிக்கு வந்தாள்.

“கெடைச்சிருச்சுங்க. ஜனவரி கடைசியில கிளம்போணும்.”

“ஜோதி, அந்த நோட்டை எதுக்கு பிரிட்ஜ் மேல தொறந்து வச்சுட்டுப் போவ?”

“நீங்க படிக்கத்தான்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத நாள்லேர்ந்தே. டியூட்டி முடிஞ்சு வந்தா பக்கம் திரும்பியிருந்துச்சு. பக்கத்துல சாம்பார்க் கறை. அப்புறம் பாத்ரூம்ல இந்தக் காறல் வேற.” ஒரு கேரட் துண்டை எடுத்துக் கடித்தாள். “நான் சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க. ‘இந்தா செய்றேன்’னு சொல்லியிருப்பீங்க.”

“நான் இதெல்லாம் நீ போகக் கூடாதுன்னு செஞ்சேன்.”

“நான் போறதுக்காக நீங்க செய்யோணும்னு இருந்தேன்.”

குக்கர் சத்தம் போட்டது. அவள் அடுப்பைக் குறைத்தாள்.

“அப்ப, மாமா விசயம்...” என்றேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது, டச்சு ‘க’வை விடக் கீழே.

“அதை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. “அது மாறாது. என்னால முடியலீங்க. ஆனா அம்மாவை உங்ககிட்ட விட்டுட்டுப் போவேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, என்ன செய்யட்டும்?”

நான் மிச்சக் கேரட்டை நறுக்கினேன். அதற்கு டச்சும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

ஒரு முயற்சி பாக்கி இருந்தது. மறுபடி நம்ப முடியாதவன் ஆகிவிட்டால் அவள் எப்படிப் போவாள்? ஜனவரி முதல் வாரம், சாயங்காலம் ஆறரைக்குக் கடைவீதியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவது என்று சபதம். அலாரம் எல்லாவற்றையும் அணைத்தேன். ஆறு நாற்பதுக்கு டீ கசந்தது. ஆறு நாற்பத்தைந்துக்கு அடுப்படித் தரையும் அந்த வேர்வையும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வண்டியை யார் ஓட்டியது என்று தெரியாது.

“இன்னைக்கு அஞ்சு நிமிசம் முந்தியே வந்துட்டீங்க மாப்பிள்ள” என்று மாமியார் வயிற்றைக் காட்டினார். இப்போதெல்லாம் அவர் கண்ணை மூடுவதில்லை.

ஜனவரி இருபத்தெட்டு, மதுரை விமான நிலையம். நாகஜோதி தன்ஷிகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் காலில் விழுந்தாள். என்னிடம் வந்தபோது, தோளில் இருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டு, “ஒப்பந்தம் ரெண்டு வருசம்தாங்க” என்றாள். கண்ணாடிக் கதவுக்குள் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

திரும்பி வரும்போது வாடகைக் கார் கொடைரோட்டைத் தாண்டியது. தன்ஷிகா என் மடியில் தூங்கிவிட்டாள். டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து மாமியார் மெதுவாகத் திரும்பினார்.

“ஏனுங்க மாப்பிள்ள, திங்கக்கிழமை கீரனூர்ல இருந்து என் தங்கச்சி நம்ம வீட்டுக்கே வந்தர்றாளுங்க. பாத்துக்க ஆளில்லீங்க, பாவம். ஜோதிதான் வரச் சொல்லிட்டுப் போயிருக்கறா.”

“வரட்டும் அத்தை” என்றேன். “எத்தனை நாளைக்கு?”

“இனி இங்கயேதானுங்க. அவளுக்கும் ரெண்டு வேளை ஊசிங்க.”