வாழைமரம் கட்டிய பள்ளம்

அன்புள்ள தம்பி யேசுதாசுக்கு,

அக்கா ரோசம்மாள் எழுதுவது. இங்கு நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறேன். குன்னூரில் நீயும் ஏஞ்சலினும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் மாமா என்னை விட்டுப் போய் வருஷம் திரும்பப் போகிறது. பள்ளத்தோரத்தில் தனியாக இருக்காதே, இங்கே வந்துவிடு என்று போனில் சொன்னாய். போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். வருகிறேன் தம்பி. ஏன் என்று கேள்.

நம் தெருவுக்குப் பின்னால் கம்பெனிகளுக்குத் தரை நிரப்பச் சவுடு மண் எடுத்த பள்ளம் உனக்குத் தெரியும். போன மழையில் பக்கத்து வீட்டுச் செல்வியின் ஆட்டைப் பிடிக்கப் போன உன் மாமா மேல்தான் அதன் கரை சரிந்தது. ஆடு பிழைத்துவிட்டது. என் வாசலில்தான் வந்து படுக்கிறது, விரட்ட மனசு வரவில்லை. மண் சரியும் இடங்களை வரிசைப்படுத்தி, ஆபத்து அதிகமான இடத்துக்கு முதலில் தடுப்புச் சுவர் கட்டுவார்களாம், அதற்கு ஒரு அதிகாரி அம்மா பார்க்க வருகிறார் என்று வார்டு மெம்பர் குப்புராஜ் அண்ணன் சொன்னார். சுவர் வந்தால் இன்னொரு வீட்டில் சாவு விழாது என்று முழங்கால் போட்டு ஜெபித்தேன். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா, அதிகாரி வரும்போது இடம் அலங்கோலமாக இருந்தால் ஊருக்குத்தானே கேவலம் என்று ஜேசிபி வைத்துச் சரிந்த மண்ணை வழித்து, வெடிப்பை எல்லாம் அடைத்து, கரையைத் தட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, உன் மாமா புதைந்த இடத்திலேயே ஷாமியானா போட்டுவிட்டார். செல்வி கோலம் போட்டாள். எனக்கு டீ கொடுக்கிற வேலை.

அதிகாரி அம்மா சின்னப் பெண். சால்வை போட்டார்கள். "எங்க சரிஞ்சுது?" என்று கேட்டார்.

"அத்தெல்லாம் சரி பண்ணிட்டோம்மா. இப்ப கிரிக்கெட்டே ஆடலாம்," என்றார் அண்ணன்.

நான் தட்டோடு முன்னால் போனேன். "இன்னாண்ணா சரி பண்ணிக்கினே? நீ நிக்கிற எடத்துலதான் எங்க ஊட்டுக்காரரு பூட்டாரு."

"ரோசம்மா, வந்தவங்கள பேஜார் பண்ணாத. சக்கர இல்லாத டீ எது, அத்த மொதல்ல குடு."

மலைப் பக்கம் ஏகப்பட்ட இடம் காத்திருக்கிறது, இது தரைதானே, பார்க்கவும் நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மா கடைசி வரிசையில் போட்டுவிட்டார். அண்ணன் கை தட்டினார். ஏதோ பரிசு கிடைத்த மாதிரி தெருவே தட்டியது. இனி அந்தச் சுவர் எந்தக் காலத்தில் வருமோ.

உன் வீட்டுக்கு மேலே சுவர் கட்டி, கம்பிவலையும் போட்டிருக்கிறார்கள் என்றாய். மலையில் இருக்கிறவன் தூங்குகிறான், தரையில் இருக்கிற எனக்குத் தூக்கம் இல்லை. மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வந்து நில்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். கர்த்தர் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா ரோசம்மாள்

பின்குறிப்பு: ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நேற்று கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அதிகாரி அம்மா தனியாகத் திரும்பி வந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. "யார்கிட்டயும் சொல்லாம வந்தேங்க்கா, இப்ப காட்டுங்க," என்றார். அடைத்த இடத்தைக் கடப்பாரையால் தோண்டிக் காட்டினேன். வெடிப்புக்குள் என் கை தோள்வரை போனது. அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். முதல் வரிசைக்கு எழுதுகிறேன், ஆனால் மேலதிகாரிகள் வந்து பார்த்தால்தான் அது செல்லும், அதுவரை ராத்திரி மாதா கோயில் கூடத்தில் படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலதிகாரி வருகிறார் என்று இன்று ஆபீசிலிருந்து தகவல் வந்ததும் குப்புராஜ் அண்ணன் மறுபடி ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். அந்த வெடிப்பை யாரும் மூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். காவலுக்கு நான் போகிறேன்.