ஒரே அடுப்புக் குடும்பம்

அருள்செல்வி வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சிங்க் மேல் சாய்ந்தபோது, அவள் கணவர் கிறிஸ்துதாஸ் ஹாலில் மசோதா படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, திரும்பவும் வலிக்குது. டாக்டர் சொன்ன மாதிரி ஆபரேஷன் பண்ணி கல்லை எடுத்துடலாங்க."

"எடுக்கலாம். மசோதா பாஸாகட்டும்."

"பித்தப்பையில இருக்குற கல்லுக்கும் மசோதாவுக்கும் இன்னா சம்பந்தம்?"

"புது மருத்துவக் காப்பீட்டு மசோதா பாஸானா குடும்பத்துக்கு ஒரே பிரீமியம். தலைக்கு இவ்வளவுன்னு கிடையாது. பழைய வியாதிக்கும் உண்டு. அதுக்குள்ள சொந்தக் காசைக் கொட்டச் சொல்றியா?"

"சொந்தக் காசு எதுக்கு? எங்க கம்பெனி கார்டு இருக்குதே."

"ஐயோ, அதைத் தொட்டுடாத! அதுல ஒரு தடவை வைத்தியம் பார்த்துட்டா, 'ஏற்கெனவே பயன்பெற்ற குடும்பம்'னு நம்மைக் கழிச்சுடுவான். உட்பிரிவு ஒன்பது."

அருள்செல்வி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி சூப்பர்வைசர். ஒரு தளம் முழுக்கத் தையல் மெஷின்களைக் கட்டி மேய்ப்பவள். வீட்டிலிருந்த இந்த ஒரு மெஷினைத்தான் அவளால் நிறுத்த முடியவில்லை. போய் ஓமத்தண்ணி குடித்தாள்.

கிறிஸ்துதாஸ் சட்ட நிபுணரானதே ஒரு விபத்து. பேரிங் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிற மனிதர். அபார்ட்மெண்ட் கூட்டத்தில் லிஃப்ட் ரிப்பேர் சண்டை முற்றியபோது, "ஒப்பந்தத்துல உட்பிரிவு படிச்சீங்களா?" என்று சும்மா கேட்டு வைத்தார். யாரும் படித்திருக்கவில்லை. அவரும் படித்திருக்கவில்லை. ஆனாலும் அன்றுமுதல் அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்த அந்த எட்டு வீட்டுக்கும் அவர்தான் சுப்ரீம் கோர்ட்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அசோசியேஷன் செக்ரட்டரி தங்கராஜ் எழுந்தார். "சார், அந்த மசோதாவுல குடும்பம்னா யார் யாரு?"

"ஒரே கூரையின் கீழ் வசித்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்போர்."

தங்கராஜ் அண்ணாந்து பார்த்தார். "நம்ம எட்டு வீட்டுக்கும் மொட்டைமாடி ஒண்ணுதானே?"

கிறிஸ்துதாஸுக்குப் புல்லரித்துவிட்டது. "அப்ப கூரை ஒண்ணு! அடுப்பையும் ஒண்ணாக்கிட்டா எட்டு பிரீமியம் ஒரே பிரீமியமாயிடும். சட்டம் வரும்போது நாம ஏற்கெனவே ஒண்ணாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். அதான் முக்கியம்."

கார்கள் தெருவுக்குப் போயின. கார் நிறுத்துமிடத்துக்குப் பெரிய கேஸ் அடுப்பு வந்தது. சமைக்க, கீழ் வீட்டில் தனியாக இருந்த மனோகரன் முன்வந்தார். ஆவடி பக்கம் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவர்.

"ஷிப்டு ஷிப்டா சாம்பார் ஊத்துன கை நைனா இது. நீங்கள்லாம் எனக்கு ஒரு பந்திக்குக் காணமாட்டீங்க" என்றார்.

சாப்பாடு அமிர்தம். குடும்பம்தான் சரியாக வேகவில்லை. ஒரே குடும்பமென்றால் தலைவர் வேண்டும், மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு என்று சொல்ல வேண்டும். தங்கராஜைத் தலைவராக்கி, இளவட்டங்களை எல்லாம் அவர் பிள்ளைகளாக்கினார் கிறிஸ்துதாஸ். மறுநாளே தங்கராஜின் மனைவி சுலோசனா படியேறி வந்துவிட்டாள்.

"ஏங்க, எங்க வர்ஷாவுக்கும் மூணாவது மாடி கிஷோருக்கும் தை மாசம் கல்யாணம் பேசியிருக்கோம். இப்ப ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?"

"பதறாதீங்க. கிஷோரைத் தங்கராஜ் சாருக்குத் தம்பியாக்கிடுவோம்."

"அப்ப அவளுக்குச் சித்தப்பாவா?"

கிறிஸ்துதாஸ் நெற்றியைத் தேய்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அக்கா பையனாக்கிட்டா முறை சரியாயிடும்! அக்கா எங்க அருள்செல்வி. கிஷோர் அவ பையன். முடிஞ்சுது."

உள்ளேயிருந்து அருள்செல்வி வந்தாள். "எனக்கு முப்பத்தெட்டு. அவனுக்கு இருபத்தெட்டு. பத்து வயசுலயா பெத்தேன்?"

"சட்டத்துக்காகத்தானே?"

"சட்டத்துக்காக இங்க பல்லைக் கடிச்சுக்கினு படுத்துக் கிடக்கறேன். இப்போ பிள்ளையும் பெக்கணுமா? நான் பட்டாபிராமுக்கு, என் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்!"

போயேவிட்டாள். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று கிறிஸ்துதாஸ் உட்பிரிவு முப்பதுக்குப் போனார். சில நாளில் வந்தும்விட்டாள். மெல்ல நடந்தாள். மசோதாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் சட்டம் புரிந்துவிட்டது போல என்று அவர் மகிழ்ந்துபோனார்.

அவர் கண்ணை உறுத்தியது வேறொன்று. மனோகரன் தூக்குச்சட்டியோடு அடிக்கடி படியேறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பொது அடுப்புல யாருக்குத் தனிச் சமையல்? பங்கு தனியாப் போனா குடும்பம் செல்லாதுண்ணே."

"கொஞ்சூண்டு கஞ்சி நைனா. அது எந்தக் குடும்பத்தையும் கெடுக்காது" என்று மனோகரன் மேலே போனார்.

அந்த வாரம்தான் கிஷோர் செல்போனை நீட்டினான். "அங்கிள், கடைசிப் பக்கம் பார்த்தீங்களா? குடும்பத்துல யாருக்கு வயசு அதிகமோ, அவர் வயசை வெச்சுத்தான் பிரீமியமாம்."

மொத்தக் குடும்பமும் மனோகரனைத் திரும்பிப் பார்த்தது. அவர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தொடப்போகிறவர். அவரை வைத்துக் கூட்டினால், எட்டு வீடும் தனித்தனியாகக் கட்டுவதைவிட அதிகம் வந்தது.

"அவரைக் குடும்பத்துலேர்ந்து எடுத்துடலாம்" என்றார் தங்கராஜ் மெதுவாக.

"அப்புறம் யார் சமைப்பா? நீங்களா?" என்றாள் சுலோசனா.

கிறிஸ்துதாஸ் ஒரு மணி நேரம் மசோதாவைப் புரட்டிவிட்டு வந்தார். "'சமைத்து உண்போர்'னு போட்டிருக்கான். அண்ணன் சமைக்கலாம். உண்ணக்கூடாது."

சொல்லும்போது அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. மனோகரன் கவலைப்படவில்லை. "அவ்ளோதானே? நான் ஆக்குனது எனக்கு என்னிக்குமே எறங்காது நைனா" என்று டீக்கடைக்குப் போய் பன் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் அவர் வைத்த வத்தக்குழம்பை, அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

அப்படியாக எல்லாம் கூடிவந்த நேரத்தில், ஒருநாள் பந்தியில் கிஷோர் செய்தி வாசித்தான். "அங்கிள், மசோதாவை மறுபடி கமிட்டிக்கு அனுப்பிட்டாங்களாம். இந்த வருஷம் கிடையாதாம்."

தெருவில் தங்கராஜின் கார் மேல் ஒரு காக்கா தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் பறந்தது.

கிறிஸ்துதாஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் மெதுவடையைச் சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலையில் இன்னும் இரண்டு வடை. எண்ணெய்ப் பலகாரத்தை விரலால் தொட்டாலே விலாவில் கத்தி இறங்குகிறது என்று துடித்தவள்! எவ்வளவு வெறுத்துப் போயிருந்தால் இப்படிச் சாப்பிடுவாள்? கிறிஸ்துதாஸ் இலையை விட்டு எழுந்தார்.

"செல்வி, வடையைக் கீழ வை. என்னை மன்னிச்சுடு. வராத சட்டத்துக்காக உன்னை வலியோட காக்க வெச்சுட்டேன். கழிச்சா கழிக்கட்டும், உங்க கம்பெனி கார்டை எடு. பத்தலைன்னா பைக்கை வித்துடறேன். நாளைக்கே ஆபரேஷன்!"

சுலோசனா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அருள்செல்வி வடையைக் கீழே வைக்கவில்லை.

டீக்கடையிலிருந்து பன்னோடு திரும்பிய மனோகரன் வாசலிலேயே நின்றார்.

"எந்த ஆபரேஷன் நைனா? பட்டாபிராம் போறேன்னு கெளம்புச்சே, அப்பவே அந்தக் கார்டுலயே கல்லை எடுத்துகினு வந்துடுச்சு. பத்தியக் கஞ்சி நான்தான் வெச்சுக் குடுத்தேன், நீ அப்போ குடும்பம்னா இன்னான்னு படிச்சுகினு இருந்தே."