வாசு போட்ட சாயா

நான் வாசிக்காத ஒரு நாவலை மைக் பிடித்துப் பரிந்துரைத்திருக்கிறேன். அப்போது அது எனக்குப் பொய்யாகப் படவில்லை என்பது வேறு விஷயம்.

கேரள எல்லைக்குள் அமரவிளையில் எனக்குப் பஞ்சர் கடை. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில். மலையாளம் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். எழுத்து மட்டும் அப்போது தெரியாது. (பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவேன்.) மனைவி சந்திரிகா மலையாளத்தில் பத்தாவது வரை படித்தவள். நான் கடையடைத்து வந்ததும் வாசகசாலைப் புத்தகத்தை விரித்து, மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுவாள். அப்படிக் கேட்ட நாவல்தான் அது. அதில் வரும் வாசு என்ற கணவனுக்காகவே மூன்று முறை அதே புத்தகத்தை எடுத்தேன்.

வாசகசாலைச் செயலர் சுகுமாரன் சார் இதைக் கவனித்துவிட்டார். மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த நாவலைப் பற்றிப் பேசுவது அங்கே வழக்கம். பத்து வருடமாக நான் கடைசி பெஞ்சில் இருந்து கேட்டதோடு சரி.

"ஓய், இந்த மாசம் நீரு பேசும். மூணு தடவ எடுத்தவரு நீரு ஒருத்தராக்கும்."

பஞ்சர்காரன் என்று பார்க்கிற கண்கள் ஒரு நாளாவது வாசகன் என்று பார்க்கட்டுமே என்ற ஆசை. நகத்தில் இருந்த டயர் கறையைச் சுரண்டிவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

நன்றாகத்தான் பேசினேன். (என் வாழ்க்கையின் ஒரே பேச்சு, ஒப்பிட வேறு இல்லை.)

"விடியக்காலம் வாசு எழும்பி, அடுப்பு பத்தவச்சு, பெண்டாட்டிக்குச் சாயா போட்டுக் குடுப்பான். அவனப் பாத்தாக்கும் ஆறு வருசமா நானும் வீட்டுல சாயா போடுதேன். எல்லாரும் இத வாசிக்கணும்."

கைதட்டல் வரவில்லை. முன்வரிசையில் இருந்த லீலா டீச்சர் அந்த நாவலைப் பாடமாகவே நடத்தியவர்.

"அண்ணே, எந்த வாசு? அவன் ரெண்டாம் அத்தியாயத்துலயே பெண்டாட்டிய விட்டுட்டு பம்பாய்க்குப் போயிருவானே. கடைசியில ஒரு கடிதாசி வரும். அவ்வளவுதான்."

"இல்ல டீச்சர், அந்தச் சாயா..."

"சாயாவே கிடையாது அண்ணே."

சுகுமாரன் சார் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "எந்தப் பக்கம்னு காட்டும் ஓய்."

விரித்தேன். எழுத்தெல்லாம் ஜாங்கிரி ஜாங்கிரியாக இருந்தது. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பது அன்றுதான் வாசகசாலைக்குத் தெரிந்தது. பம்பாயில் இருந்த ஒருவனைப் பார்த்து ஆறு வருடமாக அமரவிளையில் சாயா போட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சந்திரிகா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"பின்ன, ஓடிப்போனவனுக்க கதைய தெனமும் சொன்னா கேட்டுட்டு இருப்பியளா? நானாக்கும் அவனத் திரும்பக் கூட்டிட்டு வந்தேன். வந்தவன் சும்மா இருக்கலாமா? ஒரு சோலி குடுத்தேன்."

வைராக்கியமாக மூன்று மாதத்தில் மலையாள எழுத்தைப் படித்து, நாவலை நானே வாசித்தேன். வாசு ரயில் ஏறியதும் மூடி வைத்துவிட்டேன். இன்றும் யாராவது கேட்டால் சந்திரிகா சொன்னதைத்தான் பரிந்துரைப்பேன். சாயாவை நிறுத்தப் பார்த்தேன், அவள் விடவில்லை.

போன மாதம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். எப்படிப்பட்ட பையன் வேண்டும் என்று தரகர் கேட்டார். வேலை, வீடு என்று நான் சொல்லத் தொடங்கும் முன் மகள் முந்திக்கொண்டாள்.

"மலையாளம் வாசிக்கத் தெரியாத பையனாப் பாருங்க மாமா. அது போதும்."